ஏழு மாத ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி காரணம் தெரியாமல் நொண்டுகிறது, எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. கால்சியம் கொடுத்தால் சரியாகுமா?

ஆகாது. இந்த வயதில், இந்த இனத்துக்கு, தீனியோடு சேர்த்துக் கொடுக்கும் கால்சியம் கெடுதல் செய்யவும் கூடும். டாக்டர் எழுதிக் கொடுத்த கால்சியம் சிரப்பை நிறுத்துவது பற்றி அவரிடம் இன்றே பேசுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதன் சாரம் இது. ஆண் குட்டி, 28 கிலோ. முதலில் இடது முன்னங்காலைப் பத்து நாள் நொண்டியது, அது தானாகச் சரியாகி இப்போது வலது பின்னங்கால். எங்கும் விழவில்லை. முதல் வாரத்தில் எடுத்த எக்ஸ்ரே சுத்தம். வலிக்கு ஒரு ஊசி போட்டு, காலை மாலை கால்சியம் சிரப் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சாப்பாடு ஒரு வேளை கம்பெனி தீனி, ஒரு வேளை கோழிக்கறிச் சோறு. இதில் "கால் மாறியது" என்ற விவரம்தான் பாதி நோயைச் சொல்லிவிடுகிறது.

கால் மாற்றி மாற்றி நொண்டும் ஜெர்மன் ஷெப்பர்ட் ஆண் குட்டி என்றால் முதல் சந்தேகம் பேனோஸ்டியைட்டிஸ். நீளமான எலும்புகளுக்குள், மஜ்ஜை இருக்கும் பகுதியில் வரும் வலி இது. 5 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள் பெரும்பாலும் வரும். ஒரு காலில் இரண்டு மூன்று வாரம் இருந்துவிட்டு இன்னொன்றுக்குத் தாவும், வளர்ச்சி முடிந்ததும் போய்விடும். எக்ஸ்ரேயில் எலும்புக் குழலுக்குள் புகை படிந்தது போல ஒரு திட்டு தெரியும். ஆனால் நொண்ட ஆரம்பித்து ஒரு வாரம், பத்து நாள் வரை அந்தத் திட்டு தெரியாமலே இருக்கலாம். அதனால் முதல் வாரத்துப் படம் சுத்தமாக இருந்ததை வைத்து "ஒன்றுமில்லை" என்று முடிவு கட்ட முடியாது. இரண்டு மூன்று வாரம் கழித்து அதே எலும்பை மறுபடி எடுக்க வேண்டும்.

அதற்குள் வீட்டில் கையால் பாருங்கள். குட்டி ஓடி விளையாடி வந்த நேரம் வேண்டாம், அமைதியாகப் படுத்திருக்கும்போது செய்யுங்கள். நொண்டாத காலில் ஆரம்பித்தால்தான் அதன் இயல்பான கூச்சம் எவ்வளவு என்று தெரியும். முதலில் பாதம்: விரல் இடுக்குகளை விரித்து, முள், கண்ணாடித் துண்டு, உண்ணி, நகப் பிளவு, தார் ரோட்டுச் சூட்டில் தோல் உரிந்த இடம் எல்லாம் பாருங்கள். சீமைக் கருவேல முள் உள்ளே ஒடிந்துவிட்டால் வெளியே ஒரு கறுப்புப் புள்ளி மட்டும்தான் தெரியும். பிறகு ஒவ்வொரு மூட்டாக மெதுவாக மடக்கி நீட்டுங்கள். கடைசியாக எலும்பின் நடுப்பகுதி. தசையை ஒதுக்கி, கட்டைவிரலும் மற்ற விரல்களும் எலும்பையே பிடிக்கும்படி வைத்து, மாங்காய் பழுத்துவிட்டதா என்று பார்க்கும் அளவுக்கு அழுத்துங்கள். பேனோ இருந்தால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் குட்டி வெடுக்கென்று காலை இழுக்கும், கத்தும், வாயைத் திருப்பிக்கொண்டு வரும். எலும்பின் நடுவில் வலியா, மூட்டில் வலியா என்ற இந்த ஒரு வித்தியாசம் டாக்டருக்கு மிகவும் உதவும்.

எந்தக் கால் என்றே குழப்பமாக இருந்தால், நேரான சிமென்ட் தரையில் நடக்கவிட்டு, முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் போனில் ஸ்லோ மோஷனில் எடுங்கள். முன்னங்காலில் வலி என்றால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும், நல்ல கால் ஊன்றும்போது தாழும். மருத்துவமனைக்குப் போனதும் பயத்தில் நொண்டாமல் நடக்கிற குட்டிகள் நிறைய. வீடியோ கையில் இருக்கட்டும்.

இரண்டாவது சந்தேகம் உண்ணிக் காய்ச்சல். நம் ஊரில் இதைச் சோதிக்காமல் கால் மாறும் நொண்டலை விடவே கூடாது. உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமியின் தொற்றில் மூட்டுகள் வீங்கி, இன்று ஒரு கால், நாளை ஒரு கால் என்று நொண்டும். உடம்பில் ஒரு உண்ணிகூட இப்போது இல்லை என்பதை வைத்து விலக்க முடியாது, கடித்தது சில வாரம் முன்பாக இருக்கலாம். டிஜிட்டல் தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 101 முதல் 102.5 பாரன்ஹீட் வரை இயல்பு. ரத்தத்தில் சி.பி.சி. (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) பாருங்கள், அதில் பிளேட்லெட் எண்ணிக்கை முக்கியம். கூடவே உண்ணிக் காய்ச்சல் கிட் பரிசோதனையும் கேளுங்கள். ஸ்மியரில் (கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) கிருமி தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. நோய் உறுதியானால் டாக்சிசைக்ளின் சுமார் 28 நாள் கொடுப்பார்கள். அந்த மாத்திரையோடு கால்சியம் சிரப்போ பாலோ போனால் கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. சிரப் மீது எனக்குள்ள கோபத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது முழங்கை. ஜெர்மன் ஷெப்பர்டில் முழங்கையின் பின்பக்கம் உள்ள ஒரு சிறு எலும்பு முனை சுமார் 5 மாதத்துக்குள் முழு எலும்போடு ஒட்டிவிட வேண்டும். ஒட்டாமல் போனால் மூட்டுக்குள் உரசி உரசித் தேய்மானம் வரும். உங்கள் குட்டிக்கு 7 மாதம் என்பதால் இதைப் பார்த்தே ஆக வேண்டும். முழங்கையை நன்றாக மடக்கிப் பக்கவாட்டில் எடுத்த படத்தில்தான் அந்த முனை தெளிவாகத் தெரியும். இரண்டு பக்கமும் எடுக்கச் சொல்லுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவும். தூங்கி எழுந்ததும் நொண்டல் அதிகம், பாதம் வெளிப்பக்கம் திரும்பி நிற்கிறது என்றால் சந்தேகம் கூடும்.

மணிக்கட்டுக்குச் சற்று மேலே சூடான வீக்கம், காய்ச்சல், எழுந்து நிற்கவே மறுப்பது என்றால் அது எச்.ஓ.டி. (வளரும் எலும்புகளின் முனைப்பகுதியில் வரும் அழற்சி) ஆக இருக்கலாம். தோளை நீட்டினால் வலி என்றால் ஓ.சி.டி. (மூட்டுக் குருத்தெலும்பு சரியாக எலும்பாக மாறாமல் பெயர்ந்துவரும் கோளாறு) ஆக இருக்கலாம்.

இப்போது கால்சியம். பெரிய இனக் குட்டிக்கு, குறிப்பாக முதல் ஆறு மாதத்தில், தேவைக்கு மேல் வரும் கால்சியத்தைக் குடலிலேயே தடுக்கும் திறன் முழுதாக இருக்காது. கொடுத்ததெல்லாம் உள்ளே போகும். குருத்தெலும்பு எலும்பாக மாறும் வேலை அதனால் தடுமாறும், ஓ.சி.டி. போன்ற கோளாறுகளுக்கு வழி திறக்கும். தேவை 1000 கிலோ கலோரிக்கு ஏறக்குறைய 3 கிராம், பெரிய இனத்துக்கு உச்சவரம்பு 4.5 கிராம். பெரிய இனக் குட்டிகளுக்கான தீனி அந்த அளவுக்குள்தான் செய்யப்படுகிறது. அதன் மேல் சிரப் ஊற்றினால் கணக்கு கெட்டுவிடும்.

எதிர்ப்பக்கத் தவறும் நம் வீடுகளில் உண்டு, அதையும் சொல்லாமல் விட முடியாது. வெறும் சோறும் எலும்பில்லாத கறியும் மட்டும் தின்று வளரும் குட்டிக்குக் கால்சியம் உண்மையிலேயே கிடைக்காது. 100 கிராம் கறியில் கால்சியம் 10, 15 மில்லிகிராம்தான், பாஸ்பரஸ் 200 அளவில். உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவும், எலும்பு சும்மாவே வளைந்து ஒடியும். பால் ஊற்றிப் பிசைந்தால் தீராது, 100 மில்லி பாலில் சுமார் 120 மில்லிகிராம்தான். அந்தக் குட்டிகளுக்கும் தீர்வு, அளவு தெரியாத சிரப் இல்லை, சாப்பாட்டை மாற்றுவதுதான். உங்கள் குட்டியை முழுக்கவே பெரிய இனக் குட்டித் தீனிக்கு நான்கைந்து நாளில் மெல்ல மாற்றுங்கள். கறிச்சோறு ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். விலா எலும்பு லேசாகத் தடவினாலே விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். தேட வேண்டியிருந்தால் தீனியைப் பத்து சதவீதம் குறையுங்கள். கொழுகொழுவென்று இருக்கும் குட்டிதான் அழகு என்று நினைக்கிறோம், அந்த ஒவ்வொரு கிலோவும் மூட்டின் மேல்தான் உட்காருகிறது.

வலி மாத்திரை விஷயத்தில் கை வைக்கவே வேண்டாம். மனிதருக்கான ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மெலாக்சிகாம் நாய்க்கும் கொடுக்கும் மருந்துதான், ஆனால் தொடர் அளவு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், 28 கிலோவுக்கு 2.8. மருந்துக்கடையில் கிடைக்கும் 15 மில்லிகிராம் மாத்திரை ஒன்று அதைப் போல ஐந்து மடங்குக்கு மேல். போட்ட ஊசி ஸ்டீராய்டா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டீராய்டும் இந்த வகை வலி மருந்தும் சேர்ந்தால் குடலில் புண் வரக்கூடும். ஸ்டீராய்டு நொண்டலை மறைத்துவிடும், நோயைக் கண்டுபிடிப்பது இன்னும் தள்ளிப்போகும்.

மூன்று வாரத்துக்குப் பந்து, மாடிப்படி, மற்ற நாய்களோடு மல்லுக்கட்டு எல்லாம் நிறுத்தம். கயிற்றில் பிடித்து ஐந்து நிமிட நடை, நாளைக்கு மூன்று நான்கு முறை போதும். வழுக்கும் டைல்ஸ் தரையில் அது நடமாடும் பாதை முழுக்கச் சாக்கோ ரப்பர் மேட்டோ விரித்துவிடுங்கள்.

காலைத் தரையில் ஊன்றவே இல்லை, 103.5-க்கு மேல் காய்ச்சல், சாப்பிடவில்லை, திடீரென்று வீக்கம் என்றால் அன்றே கொண்டுபோக வேண்டும். வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளமாக வளரும் முனைப்பகுதிக் குருத்தெலும்பு) முறிந்திருந்தால் ஒரு வாரத் தாமதம்கூடக் காலைக் கோணலாக்கிவிடும்.

வலது பின்னங்காலுக்காக இடுப்பையும் ஒரு முறை படம் எடுத்துவிடுங்கள். மயக்க மருந்து கொடுத்து, மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு காலையும் நேராக இழுத்து எடுக்க வேண்டும். முழித்திருக்கும் நாயைப் பிடித்துக்கொண்டு எடுத்த படம் நம்பத் தக்கதல்ல. ஓடும்போது இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்து முயல் போலத் தாவுகிறதா என்றும் பாருங்கள். இடுப்பு தளர்வாக இருந்து மூட்டு இன்னும் தேயாமல் இருந்தால், இடுப்பெலும்பை வெட்டிச் சாய்வை மாற்றும் அறுவை சிகிச்சைக்கு ஏறக்குறைய 10 மாதம் வரைதான் வாய்ப்பு. வேப்பேரி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளில் காட்டுவதானால், பழைய படங்களையும் ரத்த அறிக்கையையும் ஊசி, மருந்துப் பெயர்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உங்கள் குட்டிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, இந்த மாதமே எடுத்துவிடுங்கள்.