ஒரே வித்தியாசத்தில் போகும் எண்களின் கூட்டல் விருத்திக் கணக்கில் எந்தச் சூத்திரத்தைப் போடுவது என்று குழம்புகிறேன். ஏஎல் (உயர்தர) சோதனைக்கு முன் எப்படிச் சரிசெய்யலாம்?

நீங்கள் ரியூசனில் முன்வாங்குப் பிள்ளையாக இருக்கமாட்டீர்கள். முன்வாங்குக்காரருக்கு இந்தச் சந்தேகம் வராது, வந்தாலும் கேட்கமாட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் நான் போன ரியூட்டரி ஒரு தகரக் கொட்டகை. சேர் மைக்கில்தான் படிப்பிப்பார். ஒருநாள், ஏழாம் உறுப்பு 25, பதினைந்தாம் உறுப்பு 57, முதல் 15 உறுப்புகளின் கூட்டுத்தொகை என்ன என்று கேட்டார். எல்லோரும் இரண்டு சமன்பாடு எழுதத் தொடங்க, நான் வாயாலேயே 435 என்றேன். ஏழிலிருந்து பதினைந்துக்கு எட்டு அடி, கூடியது 32, ஆகவே பொது வித்தியாசம் 4. எட்டாம் உறுப்பு 29. பதினைந்து உறுப்புக்கு நடு உறுப்பும் அதுதான், 15 ஆல் பெருக்கினால் முடிந்தது. முதல் உறுப்பே தேவைப்படவில்லை.

“சூத்திரம் எங்கே?” என்று சேர் மைக்கிலேயே கேட்டார். பெடியள் சிரித்தார்கள். விடை சரி என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

ஆகவே, முதலில் இடைவெளியை எண்ணுங்கள், பிறகு நடு உறுப்பைத் தேடுங்கள். அடுத்தடுத்த மூன்று உறுப்பின் கூட்டுத்தொகை 24, பெருக்கம் 440 என்றால் நடு உறுப்பு 24 இன் மூன்றில் ஒன்று, 8. மற்ற இரண்டின் பெருக்கம் 55, அதாவது 5, 11. கூட்டுத்தொகையைத் தந்து உறுப்பைக் கேட்டால், அந்த உறுப்பு வரையான கூட்டுத்தொகையிலிருந்து அதற்கு முந்திய உறுப்பு வரையான கூட்டுத்தொகையைக் கழித்தால் போதும். ஏஎல்லில் தொடர்க் கணக்குகளுக்கும் இந்தக் கழித்தல்தான் உதவும்.

சூத்திரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கணித ஆசிரியர்கள் சண்டைக்கு வரவேண்டாம். விடைத்தாளில் படிகளை ஒழுங்காக எழுதத்தான் வேண்டும், ஒவ்வொரு படிக்கும் புள்ளி உண்டு. ஆனால் விடை முதலில் மனதில் தெரிந்தால் கை நடுங்காது.

கை நடுங்க வேறு காரணமும் இருந்தது. நான் எடுத்த காலத்தில் ஏஎல் ஆகஸ்டில் நடக்கும், நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழாவும் ஏறக்குறைய அப்போதுதான். நல்லூரைக் குறை சொல்லவில்லை. எங்கள் ஒழுங்கைக் கோயில்காரர்தான் நல்லூரோடு போட்டிபோட்டு ஸ்பீக்கரை எங்கள் வீட்டு வேலிப் பக்கம் திருப்பிவிடுவார்கள். அப்பா போய்ச் சொன்னதற்கு, சாமிக்குத் தடை சொல்கிறார் என்று பேச்சுத்தான் கிடைத்தது. உங்கள் பக்கமும் அப்படியென்றால் விடியப்புறம் எழும்பிப் படியுங்கள். திருவெம்பாவை நாட்களில் கோயில் ஸ்பீக்கர் விடியப்புறமே தொடங்கிவிடும், அதுவும் சரிவராது.