16 வருடம் மில்லில் வேலை. மூச்சுத் திணறலுக்கு பீடிதான் காரணமா?

கேள்வி: என் கணவருக்கு 42 வயது. வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் 16 வருடமாக வேலை பார்க்கிறார். முதலில் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூம், இப்போது அதைச் சீவும் கார்டிங். மூன்று வருடமாக மூச்சு வாங்குகிறது. வார லீவு முடிந்து வேலைக்குப் போகிற அன்றுதான் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிறது என்பார். இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) டிஸ்பென்சரியில் வீசிங் என்று மாத்திரை கொடுத்தார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையாம். முன்பு பீடி குடித்தவர், அதனால் வந்தது என்று மில்லில் சொல்கிறார்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்தால் கணக்கு முடித்து 50,000 ரூபாய் தருகிறார்களாம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 15,000. வாங்கிக்கொள்ளலாமா ஐயா?

- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: கையெழுத்துப் போட வேண்டாம் சகோதரி. முதலில் அவரிடம் இதைச் சொல்லிவிட்டு, அப்புறம் மீதியைப் படியுங்கள்.

லீவு முடிந்து போகிற முதல் நாளில் நெஞ்சு இறுக்கம், வாரம் போகப் போகக் கொஞ்சம் குறைவது. இது பஞ்சுத் தூசியால் வரும் பிஸினோசிஸ் என்ற நுரையீரல் நோயின் பழகிப்போன அடையாளம். மருத்துவர்கள் இதைத் 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்றே சொல்வதுண்டு. ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும்தான் தூசி அதிகம்; உங்கள் கணவர் இருந்தது அந்த இரண்டு இடத்திலும். இந்த நோயில் எக்ஸ்ரே சுத்தமாக இருப்பது சகஜம். ஆகவே எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்பதை யாரும் உங்களுக்கு எதிராகக் காட்ட முடியாது. ஆனால் அவருக்கு இந்த நோய்தானா என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர், நான் இல்லை. அந்த முடிவைத் தாளில் எப்படி ஏற்றுவது என்பதுதான் என் வேலை.

இஎஸ்ஐ-யின் தொழில்சார் நோய்கள் பட்டியலில் பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் இருக்கிறது. பட்டியலில் உள்ள நோய், அதற்குரிய வேலையைக் குறிப்பிட்ட காலம் தொடர்ந்து செய்தவருக்கு வந்தால், அது வேலையால் வந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். பீடி குடித்தார் என்று வாயால் சொன்னால் போதாது. பீடி இந்த நோயை மோசமாக்கும் என்பது உண்மை, அவர் அதை விட்டது நல்லது. அதற்காக 16 வருடத் தூசி இல்லாமல் போய்விடாது.

சட்டம் இவ்வளவு சாதகமாக இருந்தும் எத்தனையோ மில் தொழிலாளிகளுக்கு ஒரு ரூபாயும் கிடைப்பதில்லை. ஓபி சீட்டில் 'வீசிங்' என்றோ 'ஆஸ்துமா' என்றோ மட்டும் எழுதியிருக்கும், எங்கே வேலை செய்கிறார் என்று ஒரு வரி இருக்காது. அது என்னை மிகவும் வருத்துகிற விஷயம். அடுத்த முறை போகும்போது, "நான் 16 வருடமாக ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் வேலை செய்கிறேன், லீவு முடிந்த முதல் நாள் மூச்சு இறுக்குகிறது, இதைச் சீட்டில் எழுதுங்கள்" என்று அவர் கேட்கட்டும். கேட்பதில் தப்பே இல்லை. இந்த நோயைக் கண்டறியும் மருத்துவர் அதைத் தொழிற்சாலைத் துறைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டம்.

அப்புறம் ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் சோதனை. முதல் நொடியில் எவ்வளவு காற்றை வெளியே ஊத முடிகிறது என்று அளப்பார்கள். வார லீவு முடிந்த அன்று ஷிஃப்டுக்குப் போகும் முன் ஒரு தடவை, ஷிஃப்ட் முடிந்ததும் ஒரு தடவை. இரண்டுக்கும் நடுவே அளவு இறங்கினால் அதைவிடப் பலமான சாட்சி வேறில்லை. டிஸ்பென்சரியில் வசதி இல்லையென்றால் இஎஸ்ஐ மருத்துவமனைக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

ராஜினாமா வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இந்தச் சோதனைதான். வேலையை விட்டுவிட்டால் ஷிஃப்டும் இல்லை, அளக்க இறக்கமும் இல்லை. நோய் மட்டும் மிஞ்சும். அதற்காகத் தூசியிலேயே கிடக்கட்டும் என்று சொல்லவில்லை. தூசி குறைந்த பேக்கிங், குடோன் மாதிரி இடத்துக்கு மாற்றித் தரும்படி மருத்துவச் சீட்டை வைத்து ஒரு மனு கொடுங்கள். சோதனை முடிந்த பிறகு மாற்றல் கிடைத்தால் ரொம்ப நல்லது. மருத்துவர் ஓய்வு எழுதினால் இஎஸ்ஐ-யின் நோய்ப் பலன் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். மனு எதுவானாலும் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

நோய் வேலையால் வந்ததா, உழைக்கும் திறனில் எவ்வளவு போயிருக்கிறது என்பதை இஎஸ்ஐ-யின் சிறப்பு மருத்துவக் குழு முடிவு செய்யும். நிரந்தர இழப்பு என்று வந்தால் அந்தச் சதவீதத்துக்கு ஏற்ப மாதாமாதம் ஊனப் பலன் வாழ்நாள் முழுக்க வரும், வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும். தற்காலிகமாக வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம். குழுவின் முடிவு குறைவாகத் தெரிந்தால் மேல்முறையீடு உண்டு, அதற்குக் காலக்கெடு இருக்கிறது, தாமதிக்காதீர்கள். ஒன்றைக் கவனியுங்கள்: இஎஸ்ஐ-யில் இருப்பவர் இதே நோய்க்காக மில் முதலாளியிடம் தனியாக இழப்பீட்டு வழக்குப் போட முடியாது. வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் பேசி வருபவர்களை நம்பாதீர்கள்.

50,000 கணக்குக்கு வருகிறேன். 16 வருட சர்வீசுக்கு, 15,000 ரூபாயை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, அதை 16-ஆல் பெருக்கினால் சுமார் 1,38,000 ரூபாய். இது கிராஜுட்டி என்ற பணிக்கொடை மட்டும். நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர் எப்போது வேலையை விட்டாலும் மில் கொடுத்தே ஆக வேண்டிய பணம். 'எல்லாக் கணக்கும் முடிந்தது' என்று எழுதிக் கையில் 50,000 கொடுப்பது சலுகை இல்லை சகோதரி.

16 வருடத்துக்கும் ஆதாரம் வேண்டும். சம்பளச் சீட்டு, ஐடி கார்டு, பிஎஃப் பாஸ்புக், எதுவும் விடாதீர்கள். கான்ட்ராக்டர் பெயரில் வேலை பார்த்த வருடங்கள் இருந்தால் அதையும் தனியாகக் குறித்து வையுங்கள். இஎஸ்ஐ சந்தா எந்த மாதத்திலிருந்து கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தொழிற்சாலைகள் சட்டமும் இஎஸ்ஐ சட்டமும் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் வந்துவிட்டதால் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. மனுவில் எண் போட வேண்டாம், நடந்ததை எழுதினால் போதும்.

கார்டிங்கில் மற்றவர்களுக்கும் இதே தொந்தரவு இருக்கும். தூசி உறிஞ்சும் ஏற்பாடு சரியில்லை என்று தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதலாம். தொழிலாளியின் ஆரோக்கியமும் மருத்துவமும் அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தவை என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் வழக்கில் தீர்ப்பளித்தது. இன்றுவரை நாங்கள் நீதிமன்றத்தில் எடுத்து வைப்பது அந்தத் தீர்ப்பைத்தான்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். ஆலைத் தொழிலாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வேடசந்தூர் நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவை விசாரியுங்கள். போகும்போது ஓபி சீட்டுகளையும், ராஜினாமாக் கடிதத்தை மில்லில் எழுதி நீட்டியிருந்தால் அதன் நகலையும் எடுத்துப் போங்கள்.