லக்சர் பலூன் பயணம்: பணம் கட்டும் முன் என்ன கேட்க வேண்டும்?

எகிப்தின் லக்சர் நகரில், நைல் நதியின் மேற்குக் கரையில், விடியும் நேரத்தில் வெப்பக்காற்றுப் பலூன்கள் பறக்கின்றன. பழைய தீப்ஸ் நகரத்தின் கோயில்களையும் கல்லறை மலைகளையும் மேலிருந்து பார்க்கலாம். இதை முன்பதிவு செய்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: மார்ச் மாதம் குடும்பத்தோடு எகிப்து போகிறோம். ஒரு இணையதளத்தில் ஆளுக்கு 45 டாலர் போட்டிருக்கிறார்கள். எங்கள் டூர் ஏஜென்ட் 110 டாலர் கேட்கிறார். இரண்டிலும் "சூரியோதயப் பலூன்" என்றே இருக்கிறது. எதற்கு இவ்வளவு வித்தியாசம்?

பதில்: பலூன் ஒன்றாகவே இருக்க வாய்ப்பு உண்டு. லக்சரில் பலூன் ஓட்டும் உரிமம் குறிப்பிட்ட சில நிறுவனங்களிடம்தான் இருக்கிறது. இணையதளம், ஹோட்டல் வரவேற்பு மேசை, கப்பல் கைடு, கடைத்தெரு ஏஜென்ட் என எல்லாரும் அந்த நிறுவனங்களின் இடங்களைத்தான் கமிஷன் வைத்து விற்கிறார்கள். அதனால் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, பலூனை ஓட்டப்போகும் நிறுவனத்தின் பெயரை. "அங்கே போனதும் தெரியும்" என்று பதில் வந்தால் அவரிடம் வாங்காதீர்கள். பெயர் கிடைத்தால் அந்த நிறுவனத்திடமே நேரடி விலை கேட்டுப் பார்க்கலாம். அதன் விபத்து வரலாற்றையும் தேடிப் பார்க்கலாம்.

அடுத்தது, பலரும் ஏமாறுகிற இடம். பெரும்பாலான நாட்களில் பலூன்கள் இரண்டு சுற்றாகப் பறக்கின்றன. முதல் சுற்று இருட்டில் காற்று நிரப்பி, சூரியன் வருவதை ஒட்டிக் கிளம்பும். அது இறங்கிய பிறகு எரிவாயு சிலிண்டர் மாற்றி இரண்டாம் சுற்று போகும். இரண்டாம் சுற்றில் ஏறும்போது சூரியன் நன்றாக மேலே வந்திருக்கும். இரண்டையுமே "சூரியோதயப் பயணம்" என்று விற்கிறார்கள். ஜனவரியில் லக்சரில் சூரியன் எழுவது சுமார் காலை 6.35-க்கு. உங்களை ஹோட்டலில் 5.30-க்கு அழைத்துப் போவதாகச் சொன்னால், படகில் நதியைக் கடந்து, பலூன் கிளம்பும் மைதானம் போய், பலூன் நிரம்பும் வரை காத்திருந்து முதல் சுற்றில் ஏறுவது கஷ்டம். குளிர்காலத்தில் முதல் சுற்று என்றால் 4 மணி, 4.30 மணிக்கே வண்டி வர வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். எகிப்தில் ஏப்ரல் கடைசி முதல் அக்டோபர் கடைசி வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிறார்கள். அந்தக் கணக்கில் ஜூனில் சூரியோதயம் சுமார் 5.55-க்கு.

இந்தச் சுற்று விஷயம் வெறும் ஆசை சம்பந்தப்பட்டதல்ல. ஹட்ஷெப்சுட் ராணியின் கோயில் கிழக்கு பார்த்தது; பின்னால் செங்குத்தான மலை. முதல் வெளிச்சம் விழும் அந்தப் பத்து, பதினைந்து நிமிடம் பாறை முழுக்கச் செம்பொன்னாக மாறும். பிறகு வெளிச்சம் வெளுத்துவிடும். காற்றின் கணக்கும் இருக்கிறது. வெயில் ஏறினால் தரை சூடாகி, காற்று குமிழ் குமிழாக மேலெழும். தரைக் காற்றும் வேகம் பிடிக்கும். எனவே ரத்தாகும் வாய்ப்பும், தடதடவென்று இறங்கும் வாய்ப்பும் இரண்டாம் சுற்றுக்குத்தான் அதிகம். கூடுதல் பணம் தர வேண்டிய ஒரே விஷயம் முதல் சுற்றுதான் என்பது எங்கள் கருத்து.

மூன்றாவது, கூடை. பெரிய கூடையில் 20 பேருக்கு மேல் ஏற்றுவார்கள். பைலட் நடு அறையில் நிற்பார். இரு பக்கமும் தடுப்பு வைத்துப் பயணிகளுக்குச் சிறு அறைகள். மொத்தம் எத்தனை பேர், ஒரு அறையில் எத்தனை பேர் என்று இரண்டையும் கேளுங்கள். ஓர் அறையில் மூன்று, நான்கு பேர் என்றால் எல்லாருக்குமே விளிம்பு கிடைக்கும். அதற்கு மேல் போனால் யாராவது ஒருவர் மற்றவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

இந்த மூன்றுக்கும் பதிலை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னது பின்னால் எதற்கும் உதவாது. விளம்பரப் படத்தையும் உற்றுப் பாருங்கள். கூம்பு கூம்பாகப் பாறைகள் தெரிந்தால் அது துருக்கியின் கப்படோக்கியா. படத்தையே மாற்றிப் போடுகிறவர் நேரத்தை மட்டும் சரியாகச் சொல்வார் என்று நம்ப முடியாது.

கேள்வி: "மன்னர்களின் பள்ளத்தாக்கு, கர்நாக் கோயில், மெம்னோன் சிலைகள் எல்லாவற்றின் மேலும் பறப்போம்" என்று ஒரு ஏஜென்ட் உறுதி தருகிறார். நம்பலாமா?

பதில்: அப்படி யாராலும் உறுதி தர முடியாது. பலூனுக்குச் சுக்கான் கிடையாது. பைலட் பர்னரைத் திறந்து மேலே போகலாம், உச்சியில் உள்ள திறப்பை இழுத்துக் கீழே வரலாம். உயரத்துக்கு உயரம் காற்றின் திசை கொஞ்சம் மாறும். அதைப் பயன்படுத்தி ஓரளவு வழியைத் திருத்துவார், அவ்வளவுதான். லக்சரில் வடக்கிலிருந்து காற்று வீசுவதுதான் வழக்கம் என்பதால் பலூன்கள் பெரும்பாலும் தெற்கு நோக்கி, வயல்களின் மேல் நகரும். ராமசேயம், மெதினத் ஹபு கோயில்கள், 3,400 ஆண்டுப் பழமையான மெம்னோன் சிலைகள் ஆகியவை மேற்குக் கரையிலேயே இருப்பதால் நேர் கீழேயோ பக்கவாட்டிலோ தெரிய நல்ல வாய்ப்பு. மன்னர்களின் பள்ளத்தாக்கு மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பலூன் நல்ல உயரம் போனால் முகட்டைத் தாண்டித் தெரியும். கர்நாக் நதிக்கு எதிர்க்கரையில் இருப்பது, தூரக் காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். இவற்றையெல்லாம் அருகில் பார்க்கத் தரைவழிப் பயணத்தைத் தனியாகத் திட்டமிடுங்கள்.

கேள்வி: காற்று சரியில்லை என்று ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா? இணையதளத்தில் "இலவச ரத்து" என்று இருக்கிறதே?

பதில்: அந்த "இலவச ரத்து" பெரும்பாலும், 24 மணி நேரத்துக்கு முன் நீங்களாக ரத்து செய்தால் மட்டும். வானிலையால் ரத்தாவது விடிகாலையில், நீங்கள் மைதானத்தில் தேநீரோடு நின்றுகொண்டிருக்கும்போது. விமானக் கட்டுப்பாட்டிலிருந்து அனுமதி வந்தால்தான் பலூன் எழும்பும். வராவிட்டால் எல்லா நிறுவனங்களும் நின்றுவிடும். ஆகவே இரண்டும் வேறு வேறு நிபந்தனைகள். வானிலை ரத்துக்கு "முழுப் பணமும், கட்டிய அதே அட்டைக்கு, இத்தனை நாளுக்குள்" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "வேறு நாள் தருவோம்" என்று மட்டும் இருந்தால், மறுநாள் ஊரைவிட்டுக் கிளம்புகிறவருக்கு அது பணம் போனதற்குச் சமம்.

பறந்து பாதியில் இறக்கினால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். வழக்கமாக 40 முதல் 45 நிமிடம் பறக்கும் என்பார்கள். சில நிபந்தனைகளில் தரையை விட்டு எழும்பினாலே பயணம் நிறைவேறியதாகக் கணக்கு.

இதற்கு நல்ல காப்பு தேதியைச் சரியாக வைப்பதுதான். லக்சரில் மூன்று காலை இருந்தால் பலூனை முதல் காலையில் வையுங்கள். கடைசிக் காலையில் வைத்தால் தள்ளிப்போட நாளே இருக்காது. நைல் கப்பலில் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு காலைதான் கிடைக்கும். அவர்கள் முழுப் பணம் திரும்பும் நிபந்தனை இல்லாமல் வாங்கவே கூடாது. மார்ச் முதல் மே வரை கம்சீன் எனும் மணற்காற்று அடிக்கும் காலம். மார்ச்சில் போகும் முதல் கேள்விக்காரர் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

கேள்வி: லக்சரில் பலூன் எரிந்து பலர் இறந்ததாகப் படித்தேன். இப்போது பாதுகாப்பானதா? நாங்கள் எதைச் சோதிக்க முடியும்?

பதில்: 2013 பிப்ரவரி 26 அன்று நடந்த விபத்து அது. இறங்கும் நேரத்தில் எரிவாயுக் குழாயில் கசிவு, தீ. கூடையில் இருந்த 21 பேரில் பைலட்டும் ஒரு பயணியும் வெளியே குதித்துப் பிழைத்தார்கள். 19 பேர் இறந்தார்கள். எடை குறைந்ததும், தீயின் சூடும் சேர்ந்துகொள்ள, பலூன் மறுபடி மேலே எழும்பி, பிறகு விழுந்தது. 2018 ஜனவரியில் காற்றில் வழி விலகிய வேறொரு பலூன் விழுந்து ஒரு பயணி இறந்தார். ஆபத்தே இல்லை என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள்.

குழாயையும் வால்வையும் பயணியால் சோதிக்க முடியாது. ஆனால் நிறுவனம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஏறும் முன் பாதுகாப்பு விளக்கம் உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்லப்பட வேண்டும். இறங்கும் நிலையைத் தரையிலேயே ஒருமுறை செய்து காட்டச் சொல்ல வேண்டும்: முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, பைலட் சொல்லும் பக்கம் முதுகைச் சாய்த்து, உள்பக்கக் கயிற்றுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்து, கேமராவையும் போனையும் உள்ளே வைத்துவிட வேண்டும். சிலிண்டர் அருகே யாராவது சிகரெட் பிடித்தாலோ, சொன்ன எண்ணிக்கையை விட அதிகம் பேரை அறைக்குள் திணித்தாலோ, விளக்கமே இல்லாமல் ஏறச் சொன்னாலோ ஏறாதீர்கள். கட்டிய பணத்தைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இறங்கும்போது கூடை தரையில் இரண்டு, மூன்று முறை தட்டும். காற்று இருந்தால் கரும்பு வயலிலோ உழுத நிலத்திலோ கொஞ்ச தூரம் இழுபடும். சில நேரம் பக்கவாட்டில் சாயும். அடிபடுவது பெரும்பாலும் இங்கேதான், அதுவும் வீடியோ எடுத்துக்கொண்டே ஒரு கையால் பிடித்தவர்களுக்கு. கூடை நின்றுவிட்டது என்று நீங்களாக இறங்கக் கூடாது. ஓர் ஆளின் எடை குறைந்தாலும் மிச்சப் பேரோடு பலூன் எழும்பக்கூடும். தரைப் பணியாளர்கள் கூடையைப் பிடித்து, பைலட் சொன்ன பிறகுதான் ஒவ்வொருவராக இறங்க வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. மகனுக்கு 5 வயது. இருவரையும் அழைத்துப் போகலாமா?

பதில்: கூடைக்குக் கதவு இல்லை. நெஞ்சு உயரப் பிரம்புச் சுவரில், பாதம் நுழையும் அளவுக்கு ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அதில் காலை வைத்து ஏறி, ஒரு காலைத் தூக்கிப் போட்டு உள்ளே இறங்க வேண்டும். இருக்கை கிடையாது, ஒரு மணி நேரம் வரை நிற்க வேண்டும். இறங்கும்போது முழங்காலை மடக்கியபடி அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். வீட்டில் அம்மா பிடிமானம் இல்லாமல் அரை மணி நேரம் நின்று, உயரமான படியில் ஏறி இறங்கிப் பார்க்கட்டும். வலி வந்தால் வேண்டாம். எலும்புத் தேய்மானம், மூட்டு மாற்று சிகிச்சை, சமீபத்திய அறுவை சிகிச்சை, கர்ப்பம் ஆகியவை இருந்தால் கேள்விக்கே இடமில்லை. 5 வயதுப் பையனுக்குச் சுவருக்கு மேல் தலை எட்டாது. தூக்கி வைத்துக்கொண்டு இறங்குவது இருவருக்கும் ஆபத்து. வயது, உயர வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வரம்பைக் கண்டுகொள்ளாமல் "பரவாயில்லை, கூட்டி வாங்க" என்று சொல்கிற நிறுவனத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: டிராவல் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறோம். வவுச்சரிலும் "இன்சூரன்ஸ் உட்பட" என்று இருக்கிறது. போதுமா?

பதில்: இரண்டையும் நம்பி இருந்துவிடாதீர்கள். பல பாலிசிகளில் சாகச விளையாட்டுகள் விலக்குப் பட்டியலில் இருக்கும். இன்னும் சிலவற்றில், உரிமம் பெற்ற வழக்கமான விமானத்தில் கட்டணப் பயணியாகப் போனால் மட்டுமே வான்வழி விபத்துக்குக் காப்பு என்று இருக்கும். "வெப்பக்காற்றுப் பலூனில் கட்டணப் பயணியாகப் போவதற்குக் காப்பு உண்டா, மருத்துவச் செலவும் ஊருக்குக் கொண்டுவரும் செலவும் சேருமா" என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். இல்லை என்றால் கூடுதல் பிரீமியத்தில் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். கால் சென்டரில் வாய்மொழியாக "உண்டு சார்" என்றால் கணக்கில்லை. வவுச்சரில் சொல்லும் இன்சூரன்ஸ் பலூன் நிறுவனத்தின் பொறுப்புக்கானது; மருத்துவமனை வாசலில் உங்கள் பில்லை அது உடனே கட்டாது.

கேள்வி: முதல் சுற்று என்று பணம் வாங்கி, இரண்டாம் சுற்றில் ஏற்றினார்கள். இந்திய இணையதளம் வழியாகப் பதிவு செய்தேன். "நீங்கள் பறந்துவிட்டீர்கள், பணம் கிடையாது" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: உங்களிடம் ஆதாரம் என்ன இருக்கிறது என்பதில்தான் எல்லாமே. முதல் சுற்று என்று எழுதிய வவுச்சர் அல்லது செய்தி, அட்டைக் கட்டண ரசீது, நேரம் பதிந்த படங்கள் ஆகியவற்றைத் திரட்டுங்கள். கிளம்பும் முன் கூடையருகே எடுத்த படமும், அந்தத் தேதியின் சூரியோதய நேரமும் சேர்ந்தாலே கதை தெளிவாகிவிடும்.

முதலில் இணையதளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முழுப் பணம் கேட்பதை விட, இரண்டு சுற்றுக்கும் உள்ள விலை வித்தியாசத்தையும் ஒரு நியாயமான இழப்பீட்டையும் கேட்டால் ஒப்புக்கொள்ள வாய்ப்பு கூடுதல். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். எகிப்து வரை போக வேண்டாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். சேவையே கிடைக்காமல் பணம் மட்டும் போனவர்கள் வங்கியில் அட்டைப் பரிவர்த்தனையை எதிர்த்தும் மனு தரலாம். அதற்குக் காலவரம்பு உண்டு, ஊர் திரும்பிய வாரமே செய்துவிடுங்கள்.

லக்சர் தெருவில் ரொக்கம் கொடுத்து, ரசீது இல்லாமல் வாங்கியவருக்கு இதில் எந்த வழியும் உதவாது. ரொக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் பாதியை முன்பணமாகத் தந்து, மீதியை மைதானத்தில் பலூனைப் பார்த்த பிறகு தருவதாகப் பேசுங்கள்.

கேள்வி: என்ன உடுத்துவது? டிரோன் எடுத்துப் போகலாமா?

பதில்: குளிர்காலத்தில் விடிகாலை 6, 7 டிகிரி வரை இறங்கும், ஸ்வெட்டர் வேண்டும். பர்னர் தலைக்கு மேல் எரிவதால் உயரமானவர்களுக்கு உச்சந்தலை சுடும், பருத்தித் தொப்பி போடுங்கள். வயலில் இறங்க நேரும் என்பதால் மூடிய ஷூ. புடவை, நீளப் பாவாடை கூடையில் ஏறத் தோதுப்படாது. டிரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். எகிப்துக்குள் அனுமதி இல்லாமல் டிரோன் கொண்டுபோகத் தடை இருக்கிறது. விமான நிலையத்திலேயே சுங்கத்தில் பிடித்து வைத்துக்கொள்வார்கள்.