பழைய கேபினட்டுக்குக் காற்று வழி: கேள்வி பதில்

பதினைந்து வருடத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர் கேபினட்டை வெட்டித் துளைத்து இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னதும் வந்து குவிந்த கேள்விகள் இவை. வீட்டில் எல்லோரும் 'சிபியு' என்று கூப்பிடும் தகரப் பெட்டியைத்தான் கேபினட் என்கிறேன்.

கேள்வி: அண்ணா, அப்பா 2008-ல வாங்கின கேபினட். உள்ள ஐ5 2400 பிராசசர், ஜி.டி.எக்ஸ். 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு. கேம் ஆடினா பிராசசர் 85 டிகிரியைத் தாண்டுது. பக்கக் கதவைக் கழற்றிட்டு ஆடினா 72. புது கேபினட் வாங்கணுமா?

பதில்: வாங்க வேண்டாம் தம்பி. கதவைத் திறந்ததும் 13 டிகிரி இறங்குகிறதென்றால் பிராசசர் மேல் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க், இரண்டுக்கும் நடுவே தடவும் பேஸ்ட் இவற்றின் மேல் பெரிய குற்றமில்லை. பெட்டிக்குள் காற்று வரவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் காலத்து கேபினட்டில் முகப்பு பிளாஸ்டிக்குக்கு அடியில் விரல் அகலச் சந்து ஒன்று இருக்கும். காற்று அதன் வழியே நுழைந்து, மேலே இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். (கரன்ட் கொடுக்கும் பெட்டி) ஃபேன் வழியே வெளியேற வேண்டும். உங்கள் பிராசசர் 95 வாட், கார்டு 75 வாட், மற்றதெல்லாம் சேர்த்து 200 என்று வையுங்கள். அந்தச் சூட்டை, வெளிக்காற்றைவிட 10 டிகிரிக்கு மேல் ஏறாமல் வெளியே தள்ள நிமிடத்துக்குச் சுமார் 35 கன அடி காற்று போதும். நல்ல 120 மி.மீ. ஃபேன் ஒன்றின் அட்டையில் இதைவிட அதிகமாகவே போட்டிருக்கும். ஆனால் அது எதிரே தடை இல்லாதபோது கிடைக்கும் அளவு. பழைய வீட்டில் வாசலில் நின்றால் கொல்லைப்புறம் தெரியும், பார்த்திருப்பீர்களே? அப்படி நேர்வழி இல்லாத பெட்டியில் நாலு ஃபேன் மாட்டினாலும் சத்தம்தான் மிச்சம்.

கேள்வி: அப்ப முதல்ல எதை வெட்டுறது?

பதில்: பின்பக்க ஃபேன் துளையை. அங்கே தகரத்திலேயே பூ மாதிரி சின்னச் சின்ன ஓட்டை குத்தியிருப்பார்கள். ஏறக்குறைய பாதி இடத்தைத் தகரமே அடைத்துக்கொண்டிருக்கும். ஃபேன் இரைவதற்கும் பாதிக் காரணம் அதுதான். அதை முழுவதும் வெட்டியெடுத்துவிட்டு, வெளியே வட்டக் கம்பி வலை ஒன்றை மாட்டுங்கள்.

80 மி.மீ. துளையை 120 ஆக்கும் ஆசை வரும். திருகுத் துளைகளின் இடைவெளி 80-க்கு 71.5 மி.மீ., 120-க்கு 105 மி.மீ. எஸ்.எம்.பி.எஸ். அடிக்கும் கார்டு சொருகும் இடத்துக்கும் நடுவே அத்தனை இடம் இருக்கிறதா என்று முதலில் அட்டையில் வெட்டி வைத்துப் பாருங்கள். பல பெட்டிகளில் 92 மி.மீ. ஃபேன்தான் உட்காரும் (அதன் இடைவெளி 82.5). அதுவே நல்ல முன்னேற்றம்.

கேள்வி: வீட்டில் ஒரு ட்ரில் மட்டும்தான் இருக்கு சார். ஹோல் சா வாங்கியே ஆகணுமா?

பதில்: ஹோல் சா என்பது ட்ரில்லில் மாட்டி வட்டமாக வெட்டும் ரம்பம். 120 ஃபேனுக்கு 114 மி.மீ. அளவு சரியாக இருக்கும். ஒரே ஓட்டைக்காக அதை வாங்குவது வீண். தகரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, வட்டம் வரைந்து, கோட்டுக்கு உள்ளே நெருக்கமாக 3 மி.மீ. துளைகள் போட்டு, தகரக் கத்தரியால் வெட்டி, அரத்தால் ராவிவிடுங்கள். ஒரு மாலை நேரம் பிடிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். விளிம்பு பிளேடு மாதிரி. கிரில் பட்டறைக்குக் கொண்டுபோனால் கிரைண்டரை எடுப்பார்கள். நேர்கோட்டுக்குச் சரி, வட்டத்துக்குச் சரிவராது, பெயின்ட்டும் கருகும்.

வெட்டும் முன் பெட்டியை முழுக்கக் காலி செய்யுங்கள். "சின்ன ஓட்டைதானே" என்று மதர்போர்டு மேல் செய்தித்தாளை மூடிவிட்டு நான் ஒருமுறை துளை போட்டேன். கண்ணுக்குத் தெரியாத ஓர் இரும்புச் சீவல் உள்ளே இறங்கியது. போர்டு அன்றோடு சரி.

கேள்வி: ஃபேன்ல எந்தப் பக்கம் காற்று வருதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: ஸ்டிக்கரும் தாங்கும் சட்டங்களும் இருக்கும் பக்கம் காற்று வெளிவரும். முன்னால் உள்ளே, பின்னால் வெளியே. மாட்டியபின் முன்பக்கத்தில் ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை தயங்காமல் உள்ளே போனால் சரி. தயங்கினால் முகப்பு பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டு மறுபடி காட்டுங்கள். வித்தியாசம் தெரிந்தால் அடுத்து வெட்ட வேண்டியது பிளாஸ்டிக்கை. சி.டி. டிரைவ் இல்லையென்றால் அந்த மூடிகளை எடுத்துவிட்டு வலை போட்டாலே பாதி வேலை முடிந்தது.

கேள்வி: திருப்பூர்ல இருக்கேன். பஞ்சுத் தூசி. ஓட்டை போட்டா தூசியும் வருமே?

பதில்: வரும். நைலான் கொசுவலையை உள்ளிழுக்கும் துளைகளில் மட்டும் ஒட்டுங்கள், வெளியேற்றும் துளையில் வேண்டாம். வெளியே தள்ளுவதைவிட உள்ளே இழுப்பது கொஞ்சம் கூடுதலாக இருந்தால், இடுக்குகள் வழியே தூசி உறிஞ்சப்படாது. உங்கள் ஊருக்கு வலையை வாரம் ஒருமுறை கழுவ வேண்டியிருக்கும்.

கேள்வி: பக்கக் கதவில் புனல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் இருக்கே, எதுக்கு?

பதில்: பென்டியம் 4 என்ற பழைய இன்டெல் பிராசசர் கொதித்த காலத்தின் நினைவுச்சின்னம். அறை 35 டிகிரியில் இருக்கும்போது பிராசசர் ஃபேனுக்குப் போகும் காற்று 38-ஐத் தாண்டக் கூடாது என்று இன்டெல் வகுத்த விதிக்காக வந்தது. பிராசசரோடு வந்த சாதா கூலர் என்றால் கழற்றாதீர்கள், இன்றும் வேலை செய்யும். உயரமான கூலர் என்றால் இடிக்கும், எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நாலு ஃபேனையும் மதர்போர்டில் ஒரே பின்னில் கொடுக்கலாமா?

பதில்: போர்டில் ஃபேன் ஒயரைச் சொருகும் ஓர் இடத்துக்குப் பொதுவாக 1 ஆம்பியர்தான் எல்லை. ஃபேன் ஸ்டிக்கரில் உள்ள ஆம்பியரைக் கூட்டிப் பாருங்கள். தாண்டினால் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நாலு பின் ஒயரிலிருந்து எடுங்கள். அதில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, கறுப்பு கிரவுண்ட்.

கேள்வி: எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறந்து அந்த ஃபேனையும் மாற்றலாமா?

பதில்: வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

கேள்வி: அண்ணா, முதல் கேள்வி கேட்டவன்தான். பின்னாடி வெட்டி 92 போட்டேன், முன்னாடி ஒரு 120. இப்ப மூடியே 75. கதவைத் திறந்தா 72. முன்பக்கம் இன்னொரு ஓட்டை போடலாம்னு இருக்கேன்.

பதில்: ட்ரில்லைக் கீழே வையுங்கள் தம்பி. மிச்சம் இருப்பது மூன்றே டிகிரி. இனி இறங்க வேண்டுமானால் பேஸ்ட்டை மாற்றுங்கள், அல்லது அறை ஜன்னலைத் திறந்து வையுங்கள்.