தோல் பளபளக்குது, நடுவில் பழுத்த பழுப்பு: ஆப்பிளுக்கு என்ன ஆச்சு?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். சித்திரையில் பொள்ளாச்சி மார்க்கெட்டில் 2 கிலோ ஆப்பிள் வாங்கினோம். அழுத்திப் பார்த்தால் கெட்டி. நறுக்கினால் விதையைச் சுற்றிப் பழுப்பு, லேசாகக் கள் வாடை. ஊசி போட்டிருப்பார்களோ? பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: ஊசி இல்லைங்க. பழத்துக்குக் கிடங்கில் மூச்சு முட்டியிருக்கிறது.

காஷ்மீர், இமாச்சல் ஆப்பிள் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பறிப்பது. அதைக் கோடை வரை தாங்க வைக்க, வியாபாரிகள் ‘சிஏ ஸ்டோர்’ என்று சொல்லும், உள்ளே இருக்கும் காற்றின் கலவையைக் கட்டுப்படுத்தும் குளிர் அறையில் அடைக்கிறார்கள். அங்கே ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 2, 3 சதவீதத்துக்கு இறங்கும், வெளிக்காற்றில் 0.04 சதவீதமே உள்ள கரியமில வாயு 1 முதல் 3 சதவீதம் வரை இருக்கும். அந்த அளவு நல்லதுதான். பழுக்கச் சொல்லும் எத்திலீனின் பேச்சு எடுபடாது, சுவாசமும் மெதுவாகும்.

கரியமில வாயு அளவு மீறினால் கெடுதல். சர்க்கரையிலிருந்து சக்தி எடுக்கும் சுழற்சியில் சக்சினிக் அமிலத்தை அடுத்த படிக்கு நகர்த்தும் நொதி முடங்கி, அமிலம் தேங்கிவிடும். சர்க்கரை உடைந்து உண்டாகும் பைருவேட்டோ வழி மாறி அசிட்டால்டிஹைடாகவும் எத்தனால் என்ற ஆல்கஹாலாகவும் ஆகும். நீங்கள் முகர்ந்த வாடை அதுதான். பிறகு செல் சவ்வு சிதையும். தனித்தனியாக இருந்த பீனால் பொருள்களும் நொதியும் கலந்து, அரிந்து வைத்த கத்தரிக்காய் மாதிரி சதை கறுக்கும். நடுப்பகுதியிலிருந்து வாயு வெளியேறுவது கடினம், அதனால் அங்கேதான் தொடங்குகிறது. பெரிய பழமும், முற்றவிட்டுப் பறித்த பழமும் முதலில் அடிபடும். ரகத்துக்கு ரகம் தாங்குதிறன் வேறு: ஃபூஜி ரக ஆப்பிளுக்குக் கரியமில வாயு 1 சதவீதத்துக்கு மேல் போனாலே ஆபத்து, ஸ்ட்ராபெரியோ 15 சதவீதத்தையும் தாங்கும். மெழுகை அளவுக்கு மேல் தடவினாலும் உள்ளே இதே நிலைதான்.

நறுக்கியதைப் பாருங்கள். பழுப்பு கெட்டியாக, ஈரப்பசையோடு, ஓரம் தெளிவாக இருந்தால், சில சமயம் சின்னச் சின்னக் குழியும் விழுந்திருந்தால், அது வாயுக் காயம். அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியைக் கொடுக்கலாம். விதைக்கூட்டில் பூசணம் படிந்திருந்தாலோ, சதை கொழகொழத்திருந்தாலோ முழுப் பழத்தையும் தூக்கிப் போடுங்கள். வாடை மட்டும் லேசாக இருந்தால் ஒரு நாள் காற்றாட வைத்தால் குறையும், பழுப்பு மறையாது.

கோடையில் ஆப்பிள் வாங்கும்போது ஒன்றை நறுக்கிக் காட்டச் சொல்லுங்கள், நடுத்தர அளவாகப் பொறுக்குங்கள். சில்லறைக் கடைக்காரர் பெட்டி பிரிக்கும் முன்பே நடந்த சேதம் இது, ஆனாலும் மாற்றித் தரக் கேட்பது உங்கள் உரிமை. பில்லும், நறுக்கிய பழத்தின் படமும் கையில் இருக்கட்டும். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: முதலமடை மாம்பழத்தைப் பாலிதீன் கவரில் இறுகக் கட்டி வைத்தேன், இரண்டே நாளில் புளித்துவிட்டதே?

பதில்: அதே கதைதான், இன்னும் வேகமாக. பழுக்கிற மாம்பழம் ஆப்பிளைவிட வேகமாக மூச்சு விடும்; அதுவும் நம் ஊர் வெயிலில். கவருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து கரியமில வாயு நிறைந்துவிடும். வைக்கோலிலோ, துளையுள்ள அட்டைப் பெட்டியிலோ ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். பழுத்த பிறகுதான் ஃப்ரிட்ஜ். காயாக வைத்தால் குளிர் தாங்காமல் தோல் கறுத்து, பழுக்காமலே போய்விடும்.