இங்கிலாந்திலிருந்து பழைய மோரிஸ் மைனர்: ரோரோ கப்பலா, கொள்கலனா?

கேள்வி: இங்கிலாந்தின் கென்ட் வட்டாரத்தில் 1965ஆம் ஆண்டின் மோரிஸ் மைனர் 1000 கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். நல்ல ஓட்டத்தில் இருக்கிறது. சிங்கப்பூருக்குக் கொண்டுவர, வாகனங்களை நேரே உள்ளே ஓட்டி ஏற்றும் ரோரோ கப்பலே மலிவு என்கிறார் முகவர். கொள்கலனைத் தவிர வேறெதையும் நினைக்கவே வேண்டாம் என்கிறார்கள் நண்பர்கள். எதைத் தேர்ந்தெடுப்பது? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: கப்பலைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு நிலப் போக்குவரத்து ஆணையத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாதாரணமாக மூன்று ஆண்டுக்கு மேல் பழகிய காரை இங்கே இறக்குமதி செய்து பதிய முடியாது. குறைந்தது 35 வயதான கார்களுக்கென உள்ள கிளாசிக் வாகனத் திட்டம்தான் உங்கள் காருக்கு வழி. அதன்கீழ் பதிந்த காரை ஆண்டுக்கு 45 நாள் வரைதான் சாலையில் ஓட்டலாம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். காரின் வயதையும் அடையாள எண்ணையும் காட்டும் ஆவணங்களை அனுப்பி, ஆணையத்தின் பதிலை எழுத்தில் பெற்ற பிறகே கப்பலில் இடம் பிடியுங்கள். பிரிட்டிஷ் பதிவுப் புத்தகத்தில் நிரந்தர ஏற்றுமதிக்கான பகுதியை மட்டும் அந்நாட்டு வாகன உரிம அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, எஞ்சியதை உங்கள் வசமே வைத்துக்கொள்ளுங்கள். முழுப் புத்தகத்தையும் அனுப்பிவிட்டால் இங்கே பதியும்போது திண்டாட நேரிடும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தக் காருக்குத் தனியாக ஒரு 20 அடிக் கொள்கலனையே நான் பரிந்துரைப்பேன். அதற்குக் காரணம் கடலோ அலையோ அன்று. வழியில் எத்தனை கைகள் காரைத் தொடுகின்றன என்பதுதான். ரோரோ முறையில் கார் தன் சக்கரத்தில் உருண்டு கப்பலுக்குள் ஏறி, பாசிர் பாஞ்சாங் வாகன முனையத்தில் அவ்வாறே உருண்டு இறங்குகிறது. துறைமுகத் தளத்துக்குள் வரும்போதும், வரிசை மாற்றும்போதும், கப்பலில் ஏறும்போதும், இடையில் வேறு கப்பலுக்கு மாற்றினால் அங்கேயும், முன்பின் அறியாத ஒருவர் அதை ஓட்டுகிறார். அவர்கள் திறமையான ஓட்டுநர்கள்தாம். ஆனால் அன்றாடம் ஓட்டுவது பொத்தானை அழுத்தினால் கிளம்பும் புத்தம்புதிய கார்களை. குளிர்ந்த இயந்திரத்தைக் கிளப்ப உதவும் சோக் குமிழை எவ்வளவு இழுக்க வேண்டும், எப்போது உள்ளே தள்ள வேண்டும் என்பதையும், மைனரின் முதல் கியருக்கு, பற்கள் உரசாமல் கியர் மாற்ற உதவும் சின்க்ரோமெஷ் கிடையாது என்பதால் வண்டி முழுவதும் நின்ற பிறகே அதைப் போட வேண்டும் என்பதையும் அவர்களுக்கு யார் சொல்வது? கண்ணாடியில் ஒரு குறிப்பை ஒட்டி வைக்கலாம். அவசரத்தில் அதைப் படிப்பவர் குறைவு.

கொள்கலனில் காரை ஏற்றுவது ஒருமுறை, இறக்குவது ஒருமுறை. 20 அடிக் கொள்கலனின் உள்நீளம் சுமார் 5.9 மீட்டர், உள்ளகலம் சுமார் 2.35 மீட்டர். மைனரோ 3.76 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 1.55 மீட்டர் அகலமும் கொண்டது. நீளத்தில் தாராளமாக இடம் இருந்தாலும், நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு 40 சென்டிமீட்டர்தான் மிஞ்சும் என்பதால், உள்ளே ஓட்டிச் சென்றவர் கதவைச் சுவரில் இடிக்காமல் வெளியே வருவது பெரும்பாடு. காரைக் கையால் தள்ளியோ வின்ச் கொண்டு இழுத்தோ ஏற்றும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கட்டும் பட்டைகள் டயர்களைச் சுற்றிப் போக வேண்டும். பம்பரிலோ சஸ்பென்ஷனிலோ கொக்கி மாட்டுவதை அனுமதிக்காதீர்கள். வேறு கார்களோடு 40 அடிக் கொள்கலனைப் பகிர்ந்தால் செலவு குறையும், ஆனால் அங்கே கார்களைச் சாய்தளச் சட்டங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவது வழக்கம். பழைய கார் எண்ணெய் கசியாமல் இராது, மேலே உள்ளதன் எண்ணெய் கீழே உள்ளதன் கூரையில்தான் சொட்டும்.

ரோரோ கப்பலே கூடாது என்று நான் சொல்லவில்லை. பேருந்து, பெரிய லாரி போலக் கொள்கலனுக்குள் அடங்காத வாகனத்துக்கு அதுவே இயல்பான வழி. 2022 பிப்ரவரியில் அட்லாண்டிக்கில் தீப்பிடித்து, சுமார் 4,000 கார்களோடு மார்ச் முதல் நாள் மூழ்கிய ஃபெலிசிட்டி ஏஸ் கப்பலைச் சுட்டிக்காட்டிப் பலர் பயமுறுத்துவார்கள். கொள்கலன் கப்பல்களிலும் தீ விபத்து நேர்வதுண்டு என்பதால் அதை ஒரு காரணமாக நான் கொள்வதில்லை. விமானத்தில் அனுப்புவது மைனரின் விலைக்குக் கட்டுப்படியாகாது. தரைவழியே ஓட்டி வரும் ஆசையை 1955-56இல் லண்டனிலிருந்து லேண்ட் ரோவர்களில் சிங்கப்பூர் வந்து சேர்ந்த ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்களுக்கே விட்டுவிடலாம்.

செலவை ஒப்பிடும்போது பலர் கவனிக்கத் தவறும் கணக்கு ஒன்று உண்டு. சிங்கப்பூர்ச் சுங்கத்துறை வரிக்கு எடுத்துக்கொள்ளும் மதிப்பில் காரின் விலையோடு கப்பல் கட்டணமும் காப்புறுதிக் கட்டணமும் சேரும். அதன்மேல் 20 விழுக்காடு கலால் வரியும், அந்தக் கூட்டுத்தொகையின்மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் விதிக்கப்படும். ஆகவே கொள்கலனுக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வோர் 1,000 வெள்ளியும் இந்த இரு வரிகளோடு 1,308 வெள்ளி ஆகிறது. இதைச் சேர்த்துப் பார்த்தும் என் பரிந்துரை மாறாது, ஆனால் முகவரிடம் விலை கேட்கும்போது துறைமுகக் கையாளும் கட்டணம், கொள்கலனைப் பிரிக்கும் கட்டணம், சுங்க அனுமதிக் கட்டணம் ஆகிய அனைத்தும் அடங்கிய தொகையைக் கேளுங்கள். அவ்வாறு கேட்டால் மலிவாகத் தோன்றிய விலை சில வேளை மலிவாக இராது.

காப்புறுதியில் சிக்கனம் வேண்டாம். முழு இழப்புக்கு மட்டும் ஈடு தரும் ஒப்பந்தம், கதவு நசுங்கினால் ஒரு காசும் தராது. சரக்குக் காப்புறுதியில் மிக விரிவான ஈடு தரும் 'ஏ' விதிகளின்கீழ், மதிப்பீட்டாளர் சான்றோடு ஒப்புக்கொண்ட தொகைக்கு எடுங்கள். பழகிய காருக்குக் கீறல், துரு, இயந்திரக் கோளாறு ஆகியவற்றை விலக்கும் வரிகள் இருக்கும் என்பதால் அவற்றை வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். கப்பலைக் காப்பாற்றும் செலவைச் சரக்கு உரிமையாளர்கள் எல்லாருமே பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது கடல் வாணிபத்தின் பழைய விதி. 2021இல் சூயஸ் கால்வாயில் சிக்கிய எவர் கிவன் கப்பலில் சேதமே அடையாத சரக்குக்கும் அது பொருந்தியது. தக்க காப்புறுதி இருந்தால் அந்தப் பங்கை நிறுவனம் ஏற்றுக்கொள்ளும்.

2023இன் பிற்பகுதியிலிருந்து பல கப்பல்கள் செங்கடலைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்ததில் பயணம் ஒன்றிரண்டு வாரம் நீண்டது. எத்தனால் கலந்த பெட்ரோல் அவ்வளவு காலம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு டாங்கியில் கிடப்பது நல்லதன்று. பிரிட்டனில் 2021 முதல் வழக்கமான பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. ஆகவே 5 விழுக்காட்டைத் தாண்டாத உயர்வகைப் பெட்ரோலை, கால் டாங்கிக்கு மிகாமல் நிரப்பச் சொல்லுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், ஈரமுறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுங்கள், காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையைத் தவிருங்கள்.

இங்கே பதியாத காரைக் கிடங்கிலிருந்து ஓட்டி வர முடியாது, தட்டையான தளம் கொண்ட லாரி தேவைப்படும். அதைக் கொள்கலன் திறக்கும் நாளுக்கே ஏற்பாடு செய்யுங்கள். முத்திரை எண்ணைச் சரிபார்த்து, கதவு திறந்ததும் எந்தப் பட்டையையும் அவிழ்க்கும் முன்பு படம் எடுங்கள். சேதம் தென்பட்டால் பெறுகைச் சீட்டில் அதை எழுதிவிட்டே கையெழுத்திடுங்கள். வெறுங்கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் புகார் செய்தால், சேதம் வழியில்தான் நேர்ந்தது என்று மெய்ப்பிக்க நீங்கள் மிகவும் சிரமப்பட வேண்டியிருக்கும்.