வாசகர் கேள்வி: ஜொக்கியின் நிறை

கேள்வி: ஏப்ரலில் நுவரெலியாவில் குதிரை ஓட்டம் பார்த்தோம். ஜொக்கிகள் ஏன் இவ்வளவு மெலிவு? விழுந்தால் என்னாகும்? (ஹட்டன் வாசகர்)

பதில்: குதிரை சுமக்க வேண்டிய நிறை முன்கூட்டியே குறிக்கப்படும், சேணத்தோடு சேர்த்தே ஜொக்கியை நிறுப்பார்கள். குறைந்தால் ஈயத்தகடு சேர்க்கலாம். கூடினால்தான் தொல்லை: பட்டினி, வெந்நீர்க் குளியல், நீராவி அறை என்று வியர்வையில் ஒன்றிரண்டு கிலோ இறக்குவார்கள். நீர் வற்றிய உடம்பில் தலை சுற்றும், பிடி தளரும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் கவிழ அது போதாதா?

முன்னால் ஓடும் குதிரையின் பின்காலில் தன் குதிரையின் முன்கால் தட்டுவதுதான் பொல்லாத விபத்து. விழும்போது கையை ஊன்றக் கூடாது. ஊன்றினால் காறை எலும்பு (தோளை மார்போடு இணைக்கும் எலும்பு) முறியலாம். தலையை உள்ளிழுத்து உருண்டு, பின்வரும் குதிரைகள் கடக்கும்வரை சுருண்டு கிடக்க வேண்டும். அடிபட்ட தலைக்கவசத்தைக் கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். மார்புக் கவசம் விலாவுக்கு உதவும், கழுத்துக்கு உதவாது.